முதல் வகுப்புக்கு அசையைக் கொண்டுவருவோம்

தமிழ் வாசிக்கத் தொடங்கும் குழந்தையிடம் ‘அம்மா’ என்று எழுதிக் காட்டி எழுத்துக்கூட்டச் சொன்னால், ‘அ, இம், மா’ என்று மூன்று துண்டுகளாகச் சொல்லும். மூன்று எழுத்தும் சரிதான். ஆனால் அந்த மூன்றையும் அப்படியே சேர்த்தால் ‘அஇம்மா’ என்றுதான் வரும். சொல்லில் இல்லாத ஓர் இகரம் நடுவே புகுந்துவிடுகிறது. ‘அம்மா’ நாளெல்லாம் காதில் விழும் சொல் என்பதால், குழந்தை அந்த இகரத்தைத் தானாகவே ஒதுக்கிவிட்டுச் சரியான சொல்லுக்கு வந்து சேர்கிறது. அதே குழந்தை ‘சிற்பம்’, ‘கம்பளம்’ போன்ற அதிகம் பழகாத சொல்லைப் பார்க்கும்போது ‘சி, இற், ப, இம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது, சொல் மட்டும் வரவில்லை. ‘எழுத்தெல்லாம் தெரியும், படிக்கத்தான் வரவில்லை’ என்று பெற்றோரும் ஆசிரியரும் சொல்லும் குறைக்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த இகரத்தை அங்கே வைத்தவர்கள் நாம்தான். மெய்யெழுத்து தனித்து ஒலிக்காது என்பதால், சொல்லிக்கொடுக்கும் வசதிக்காக முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இக், இங், இச்’ என்று பெயரிட்டிருக்கிறோம். எழுத்தின் பெயராக அது போதும். வாசிப்பில் அதுவே தடையாகிறது.

இது குழந்தையின் மந்தமும் இல்லை, ஆசிரியரின் சோம்பலும் இல்லை. கூட்டச் சொல்லும் அலகு பிழையானது. ‘அம்மா’ என்ற சொல்லில் எழுத்து மூன்று, ஆனால் வாய் எழுப்பும் ஒலித்துண்டு இரண்டு: அம், மா. வாசிப்பு என்பது கண் பார்ப்பதை வாய்க்குப் பழகிய ஒலித்துண்டுகளாக மாற்றும் வேலை. ஆகவே குழந்தை கூட்ட வேண்டியது இந்த இரண்டு துண்டுகளைத்தான். இந்தத் துண்டுகளுக்கு இலக்கணமும் பெயரும் வகைப்பாடும் தமிழில் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. யாப்பிலக்கணம் அவற்றை அசை என்கிறது. ஆனால் அந்த அறிவைச் செய்யுளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். உயர்நிலை வகுப்பில் திருக்குறளை அலகிட்டு வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்குவதற்காக மாணவர்கள் அசையைப் படிக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அதை உண்மையில் தேவைப்படும் ஐந்து, ஆறு வயதுக்குக் கொண்டுவர வேண்டும். இலக்கணப் பெயர் எதையும் சொல்லாமல், கண்ணுக்குத் தெரியும் அட்டைகளாகவும் நிறங்களாகவும் கொண்டுவர வேண்டும். முதல் வகுப்பின் சுவரில் தொங்கும் படங்கள் சொல்லின் ஒலியமைப்பைக் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எத்தனை வகை அசைகளைக் கற்பிக்க வேண்டும்? நான்கு போதும். குறில் தனித்து வருவது, நெடில் தனித்து வருவது, குறிலோடு ஒற்று சேர்வது, நெடிலோடு ஒற்று சேர்வது. யாப்பருங்கலக்காரிகை படித்தவர்கள் இவற்றை நேரசையின் நான்கு வடிவங்களாக அறிவார்கள். ‘படு, பாடு, பட்டு, பாட்டு’ என்ற நான்கு சொற்களைப் பாருங்கள். முடிவில் நிற்பது எப்போதும் ‘டு’தான். தொடக்கத் துண்டு மட்டும் ப, பா, பட், பாட் என்று மாறுகிறது, அதற்கேற்பப் பொருளும் முழுமையாக மாறிவிடுகிறது. ‘விடு, வீடு, விட்டு, வீட்டு’ என்பதும், ‘கொடு, கோடு, கொட்டு, கோட்டு’ என்பதும், ‘எடு, ஏடு, எட்டு, ஏட்டு’ என்பதும் இதே வரிசை. செயற்கையாக உருவாக்கிய பயிற்சிச் சொற்கள் எதுவும் தேவைப்படாமல், வீட்டில் புழங்கும் சொற்களைக் கொண்டே நான்கு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட இந்த மொழி இடம் தருகிறது. சொல்லைத் துண்டாக்கும் விதியும் ஒன்றே ஒன்றுதான். புள்ளி வைத்த எழுத்து தன் இடப்பக்கத்து எழுத்தோடு சேரும், புள்ளி இல்லாத ஒவ்வோர் எழுத்தும் புதிய துண்டைத் தொடங்கும். கண்-ணா-டி, பந்-து, தி-ரு-வள்-ளு-வர் என்று எந்தச் சொல்லையும் இப்படிப் பிரித்துவிடலாம். ‘வாழ்க்கை’, ‘மகிழ்ச்சி’ போல இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் விதி மாறுவதில்லை, இரண்டும் இடப்பக்கம் சேர்ந்து வாழ்க்-கை, ம-கிழ்ச்-சி ஆகின்றன. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்ற இலக்கணம் இந்த விதிக்குக் காவலாக நிற்கிறது. ‘க்ரீம்’, ‘ஸ்கூட்டர்’ போன்ற கடன்சொற்களே விலக்கு, அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

அசை வகைகளைக் காட்டி வாசிக்கக் கற்பிப்பது உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலே சொற்களை அசை அசையாகப் பிரித்துத் தந்தது. இன்று அங்கே வாசிப்புச் சிக்கலுள்ள குழந்தைகளுக்கு ஆங்கில அசைகளை ஆறு வகையாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். மெய்யில் முடியும் அசைக்குச் சாத்திய கதவும் உயிரில் முடியும் அசைக்குத் திறந்த கதவும் படமாக வரைந்து காட்டுகிறார்கள். நம் ஊர்த் தனியார் பள்ளிகளின் போனிக்ஸ் வகுப்புகளிலும் இதன் சாயல் வந்துவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் இந்த விதிகள் எவ்வளவு நம்பகமானவை? டெவின் கேர்ன்ஸ் என்ற ஆய்வாளர் பள்ளி நூல்களில் வரும் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய் வரும்போது பிரிப்பு விதி பெரும்பாலும் உதவுகிறது என்றும், ஒரே மெய் வரும்போது அதை நம்ப முடியாது என்றும் காட்டியது. விதிக்கு அடங்காத எழுத்துமுறையை வைத்துக்கொண்டே அவர்கள் இவ்வளவு முயல்கிறார்கள். ஒரே விதியில் ஏறக்குறைய எல்லாச் சொல்லையும் பிரித்துவிடக்கூடிய தமிழில் அசை கற்பிப்பதன் பயன் இன்னும் பெரிதாக இருக்கும். ஆங்கிலத்தின் ஆறு வகையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, நம்மிடம் உள்ள நான்கைப் பயன்படுத்தினாலே போதும்.

இப்போது வகுப்பறைச் சுவர்களில் என்ன இருக்கிறது? அணில் படத்தோடு ‘அ’, ஆடு படத்தோடு ‘ஆ’, இலை படத்தோடு ‘இ’. குழந்தை படத்தைப் பார்த்து ‘அணில்’ என்கிறது. எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அதற்கு எழுவதில்லை. படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டினால் தடுமாறுகிறது. இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. லின்னியா ஈரி என்ற வாசிப்பு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தின் வடிவத்தையே படத்துக்குள் பொருத்தி வரைந்தபோது குழந்தைகள் எழுத்தொலியை நன்றாக நினைவில் வைத்தார்கள். எழுத்தின் வடிவத்தோடு தொடர்பில்லாத படத்தைக் காட்டியபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. படம் இருப்பதால் மட்டும் கற்றல் நடந்துவிடாது, படம் கற்க வேண்டியதன் அமைப்பைக் காட்ட வேண்டும் என்பது இதன் சாரம். சுவர் முழுக்க வண்ணப் படங்களை ஒட்டுவதே நல்ல வகுப்பறை என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்கு உரியது. அன்னா ஃபிஷர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு, சுவர் நிறைய அலங்காரம் உள்ள அறையிலும் வெறுஞ்சுவர் அறையிலும் மாறி மாறிப் பாடம் நடத்தினார்கள். வெறுஞ்சுவர் அறையில் நடந்த பாடங்களுக்கு 55 விழுக்காடு விடைகள் சரியாக வந்தன, அலங்கார அறையில் 42 விழுக்காடுதான். சிறிய ஆய்வுதான் என்றாலும் அது சுட்டும் திசை தெளிவானது. குழந்தையின் கவனம் குறுகியது. அதில் ஒரு பகுதியை அணிலுக்குக் கொடுத்துவிட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது குறைவு.

அப்படியானால் அசையைக் காட்டும் கருவி எப்படி இருக்க வேண்டும்? அதற்கான அளவுகோலைத் தொல்காப்பியமே தந்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்த அளவையே அட்டையின் அகலமாக்கலாம். குறில் எழுத்துள்ள அட்டை 6 சென்டிமீட்டர் அகலம் என்றால், நெடில் அட்டை 12, மெய் அட்டை 3. ‘படு’ என்பதையும் ‘பாடு’ என்பதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் எது நீண்டு ஒலிக்கும் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். ‘பட்டு’ என்பதில் ப அட்டையை ஒட்டி ஒல்லியான ட் அட்டை நிற்கும். மெய் அட்டையின் இடப்பக்கம் ஒரு நாக்கும், மற்ற அட்டைகளின் வலப்பக்கம் அந்த நாக்கு பொருந்தும் வெட்டும் இருக்குமாறு செய்தால், மெய் தனியாக நிற்க முடியாது, இன்னொன்றின் வலப்பக்கத்தில் பூட்டிக்கொண்டுதான் நிற்கும் என்ற இலக்கணம் குழந்தையின் விரலுக்குப் புரிந்துவிடும். அப்போது ‘இட்’ என்று தனியாகச் சொல்ல இடமே இல்லை. ‘ட்’ என்ற அட்டை எப்போதும் பட், கட், விட் என்றே வாயில் வரும். அட்டையின் மேல் விரலை இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டே ஒலிக்கச் சொன்னால், விரல் ஓடும் தூரமும் ஒலி நீளும் நேரமும் ஒத்துப்போகும். மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று அளந்த மரபு, ஒலியை உடலின் அசைவோடு இணைத்தே சிந்தித்தது. அதை வகுப்பறையில் செய்து காட்டுவது நமக்கு இயல்பாக வர வேண்டிய வேலை.

அசையின் உட்பகுதியான உயிர்க்குறிகளுக்கும் காட்சிவழிக் கற்பித்தல் இதேபோல அவசியம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளை நாம் எண்ணிக் காட்டுகிறோம். கற்க வேண்டிய வடிவங்கள் அவ்வளவு இல்லை என்றாலும், குறிகள் அமரும் இடம் குழந்தைக்கு உண்மையாகவே குழப்பமானது. ‘கா’ என்பதில் குறி வலப்பக்கம் நிற்கிறது, ‘கி’, ‘கீ’ என்பவற்றில் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் இடப்பக்கம் தாவிவிடுகிறது, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ என்பவற்றில் இருபுறமும் நிற்கிறது. ககரத்தை முதலில் ஒலித்து எகரத்தைப் பின்னால் ஒலிக்கிறோம், ஆனால் கண்ணில் எகரக்குறிதான் முதலில் படுகிறது. இந்தியில் இகரக்குறி இப்படி மெய்க்கு முன்னால் எழுதப்படும் சொற்களைப் படிக்கக் கூடுதல் நேரம் ஆகிறது என்று ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பார்வையற்றோருக்கான பாரதி பிரெயிலில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே மெய் முதலிலும் உயிர் அடுத்தும் ஒலிக்கும் வரிசையிலேயே வருகின்றன. பார்வையுள்ள குழந்தைக்கு அந்த வரிசையை நாம் காட்டிக்கொடுக்க வேண்டும். மெய்யின் உடலைக் கறுப்பிலும் உயிர்க்குறியைச் சிவப்பிலும் எழுதி, ‘க்’ அட்டையின் வலப்பக்கத்தில் ‘எ’ அட்டையை வைத்து, அது குறியாக மாறி இடப்பக்கம் நகர்வதை அம்புக்குறியால் காட்டினால், ஒலிவரிசைக்கும் எழுத்துவரிசைக்கும் உள்ள வேறுபாடு ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

உகரக்குறி இன்னொரு சிக்கல். ‘கு, டு, மு, ரு’ என்பவற்றில் அது வளைந்து சுற்றுகிறது, ‘சு, பு, யு, வு’ என்பவற்றில் கீழே இறங்குகிறது, ‘து, நு, லு, னு’ என்பவற்றில் அடியில் வளைந்து மேலேறிக் காலாகிறது. அகரவரிசையில் மட்டும் கற்பிக்கும்போது இந்த மூன்று குடும்பங்களும் கலந்து வருவதால், ஒவ்வொன்றும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய வடிவம் போலத் தோன்றுகிறது. குடும்பம் குடும்பமாகப் பிரித்து மூன்று வரிசையில் ஒட்டினால் குழந்தையே அமைப்பைக் கண்டுபிடித்துவிடும். ஔகாரக்குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே உருவில் இருப்பதால் ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று படிப்பதும், துணைக்காலை ரகரமாகப் படிப்பதும் ஆசிரியர்கள் நன்கறிந்த பிழைகள். குறிக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டினால் இந்தப் பிழைகளின் வேர் அறுபடும். கன்னட வாசிப்பை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறைகளைக் குழந்தைகள் முழுமையாகக் கைக்கொள்ள ஆங்கில அகரவரிசையைக் கற்பதைவிட நெடுங்காலம், பல வகுப்புகள்வரை ஆகிறது என்று காட்டியது. தமிழில் கன்னடத்தைப் போல அடுக்கெழுத்துகள் இல்லை, அதனால் சுமை குறைவு. ஆனாலும் முதல் வகுப்பிலேயே எல்லா எழுத்தும் தெரிந்துவிட வேண்டும் என்ற அவசரம் குழந்தையின் கற்றல் வேகத்துக்குப் பொருந்தாது.

‘தமிழ் எழுதியபடியே ஒலிக்கும் மொழி, அதற்கு எதற்கு அசைப் பாடம்?’ என்று கேட்கலாம். தமிழ் எழுதியபடியே ஒலிக்கிறது என்பது பெருமளவுக்கு உண்மை. ஆனால் வல்லின எழுத்துகளின் ஒலி அவை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ‘பக்கம்’ என்பதில் ககரம் வன்மையாக ஒலிக்கிறது, ‘பங்கு’ என்பதில் மென்மையாகிறது, ‘பகல்’ என்பதில் இன்னும் தளர்கிறது. ‘பத்து, பந்து, பாதி’ என்ற தகரத்திலும், ‘பச்சை, பஞ்சு, பசி’ என்ற சகரத்திலும் இதே நிலைதான். எந்த ஒலியைத் தேர்வது என்பதைக் குழந்தை எதிலிருந்து அறியும்? முந்தைய துண்டு எதில் முடிகிறது என்பதிலிருந்துதான். அது அதே வல்லினத்தில் முடிந்தால் வன்மை, மெல்லினத்தில் முடிந்தால் மென்மை, உயிரில் முடிந்தால் தளர்வு. ஓர் எழுத்தை மட்டும் பார்த்துப் படிக்கும் பழக்கம் இங்கே உதவாது, அசையைப் பார்க்கும் பழக்கமே உதவும். மூன்று பத்திகளில் இந்தச் சொற்களைப் பிரித்து எழுதி, முதல் துண்டின் முடிவை மட்டும் நிறமிட்டுக் காட்டும் ஒரு விளக்க அட்டை போதும். தமிழ் பேசும் வீட்டுக் குழந்தை இந்த ஒலிகளைக் காதால் ஏற்கெனவே அறியும். வீட்டில் வேறு மொழி பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் குழந்தைக்கும் வெளிநாடுகளில் வார இறுதி வகுப்பில் தமிழ் கற்கும் குழந்தைக்கும் அந்தக் காதறிவு இல்லை. அவர்களுக்கு இந்த அட்டை இன்றியமையாதது.

‘காலங்காலமாக உயிர்மெய் அட்டவணையைச் சொல்லித்தானே படித்தோம், அதில் என்ன குறை?’ என்பது அடுத்த கேள்வி. அட்டவணை ஓர் அருமையான தொகுப்பு. மொழியின் எழுத்தமைப்பு முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்டுகிறது. கற்று முடித்த பின் பார்க்கும்போது அதன் அழகு தெரியும். கற்கத் தொடங்கும்போது அதை ஒப்பித்தால் ‘க, கா, கி, கீ’ என்ற இசைதான் மனத்தில் பதிகிறது. வரிசையைத் தடையின்றிச் சொல்லும் குழந்தை, நடுவில் இருந்து ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் முதலிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்துத்தான் விடை தருகிறது. அதோடு அட்டவணையில் அசையே தெரிவதில்லை. கல், கால், பட், பாட் போன்ற மூடிய துண்டுகளுக்கு அதில் இடமில்லை, ஆனால் தமிழ்ச் சொற்களில் இவை எங்கும் நிறைந்திருக்கின்றன. மரபை மீறுகிறோம் என்ற கவலையும் வேண்டாம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்று நாம் எழுதும் முறைக்கு வீரமாமுனிவரே காரணம் என்று போற்றுகிறோம். ‘ணா, றா, னா’ என்ற மூன்றும், ‘ணை, லை, ளை, னை’ என்ற நான்கும் தனி வடிவங்களை விட்டு இன்றைய சீரான வடிவத்துக்கு வந்தது தமிழ்நாடு அரசின் 1978-ஆம் ஆண்டு ஆணையால். பெரியார் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தம் இதழ்களில் அதைக் கையாண்டிருந்தார். வாசிப்போரின் வசதிக்காக எழுத்து வடிவத்தையே மாற்றத் துணிந்த சமூகம், அதைக் கற்பிக்கும் வரிசையை மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

கல்வியாளர்கள் சிலர் வேறொரு பக்கத்திலிருந்து மறுப்பார்கள். குழந்தைக்குக் கதையும் பாட்டும் பேச்சும்தான் முதலில் வேண்டும், துண்டு துண்டாக ஒலிகளைப் பழக்குவது உயிரற்ற பயிற்சி என்பார்கள். கதையும் பாட்டும் முதலில் வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. சொல்வளம் இல்லாத குழந்தை அசைகூட்டிப் படித்தாலும் அதற்குப் பொருள் தெரியாது. ஆனால் கதை கேட்டு மகிழும் குழந்தை தானாகவே கதை படிக்கும் குழந்தையாகிவிடுவதில்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை முறையாக, வரிசைப்படி கற்பிப்பது வாசிப்பை மேம்படுத்துகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் முடிவு செய்தது. நாளொன்றுக்கு 15 நிமிடம் அசைப் பயிற்சி, மீதி நேரம் கதை, பாட்டு, பேச்சு என்று வைத்தால் இரண்டுக்கும் மோதல் இல்லை. படங்களும் போய்விடுவதில்லை. பொருளை விளக்கும் படம் கதைப் புத்தகத்தில் இருக்கட்டும், ஒலியை விளக்கும் படம் எழுத்து அட்டையில் இருக்கட்டும். எழுத்தோடு மல்லாடும் குழந்தைக்குக் கதையை அனுபவிக்க மனத்தில் இடமிருப்பதில்லை. அந்தப் போராட்டத்தைச் சுருக்குவதே கதைக்கு நாம் செய்யும் உதவி.

துண்டாக்கிப் படிக்கும் பழக்கம் நிலைத்துவிட்டால் வேகம் குறையாதா என்ற ஐயம் நியாயமானது, அதற்கு விடையும் இருக்கிறது. பின்லாந்தில் தொடக்க நூல்கள் சொற்களைச் சிறுகோடிட்டு அசை அசையாகப் பிரித்தே அச்சிடுகின்றன. ஜெர்மனியிலும் அடுத்தடுத்த அசைகளை நீலம், சிவப்பு என்று மாற்றி மாற்றி அச்சிடும் பாடநூல்கள் உண்டு. ஆனால் பின்லாந்தில் துவோமோ ஹைக்கியோவும் அவருடன் பணியாற்றியவர்களும் தொடக்க வகுப்புக் குழந்தைகளின் கண் அசைவுகளை அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சிறுகோடுகள் குழந்தைகளின் வாசிப்பை மெதுவாக்கியதைக் கண்டார்கள். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, கருவியை உரிய காலத்தில் விலக்க வேண்டும் என்பதே. தூண் நிற்கும்வரைதான் சாரம் தேவை. முதல் வகுப்பில் அட்டையும் நிறமும், அந்த ஆண்டின் பிற்பகுதியில் சொல்லின் கீழே வளைகோடு மட்டும், இரண்டாம் வகுப்பில் புதிய, நீண்ட சொற்களுக்கு மட்டும் துண்டாக்கல், மூன்றாம் வகுப்பில் வழக்கமான அச்சு. இந்தப் படிநிலையைப் பாடநூலிலேயே எழுதிவைக்க வேண்டும், ஆசிரியரின் ஊகத்துக்கு விடக் கூடாது.

யாப்பறிந்தவர்கள் எழுப்பக்கூடிய கேள்வியையும் பார்க்க வேண்டும். ‘படம்’ என்பது யாப்பில் ஒரே நிரையசை, இங்கே ப-டம் என்று இரண்டாகப் பிரிப்பது இலக்கணப் பிழையாகாதா? செய்யுளின் ஓசையை அளக்க இரண்டு குறில்களை இணைத்து எண்ணும் முறை அது. வாசிக்கத் தொடங்குபவருக்கு அந்த இணைப்பு தேவையில்லை, நேரசையின் வடிவங்கள் மட்டும் போதும். குழந்தையிடம் அசை என்ற சொல்லையே சொல்ல வேண்டாம், ‘துண்டு’ என்றால் போதும். பின்னாளில் யாப்புப் படிக்கும்போது, தான் ஏற்கெனவே அறிந்த துண்டுகளை இணைக்கக் கற்பதால் அலகிடுதல் அந்த மாணவருக்கு எளிதாகவே இருக்கும். நிறம் பிரித்தறிய இயலாத குழந்தைகளை மனத்தில் கொண்டு, நிறத்தோடு அட்டையின் அகலமும் வெட்டும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும். செலவு ஒரு தடையே இல்லை. பழைய நாட்காட்டி அட்டை, இரண்டு நிறப் பேனா, கத்தரிக்கோல் இருந்தால் ஆசிரியர் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தும் திறனை நம் ஆசிரியர்களிடம் வளர்த்திருக்கிறது. ட, ப, ம போன்ற எளிய வடிவங்களிலிருந்து தொடங்கும் முறையும் நமக்குப் பழக்கமானதுதான். அந்த அனுபவத்தின்மேல் இதைக் கட்டலாம்.

இதைச் செய்ய வேண்டிய காலம் இதுவே. குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் 2024 ஆய்வின்படி, இந்தியாவின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கிறார்கள். 2022-இல் இது 16.3 விழுக்காடு. உயர்வு மகிழ்ச்சி தருகிறது, ஆனாலும் நான்கில் மூன்று குழந்தைகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்த ஆய்வு எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாகச் சோதிக்கிறது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள படியில்தான் அசை இருக்கிறது, அந்தப் படியை நம் பாடத்திட்டம் காலியாக விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பெருந்தொற்றுக்குப் பின் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. நிலை பிரிக்கும் அமைப்பு கையில் இருக்கும்போது, எழுத்தறிந்தும் சொல் படிக்க இயலாத குழந்தைக்கான பயிற்சியாக நான்கு வகை அசை அட்டைகளை அதில் சேர்ப்பது பெரிய மாற்றம் இல்லை.

ஆகவே மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு மூன்று கோரிக்கைகள். முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் சொற்களை அசை பிரித்து, நெடிலும் ஒற்றும் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிடுங்கள். ‘இக், இங்’ என்று மெய்யைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதை வாசிப்புப் பயிற்சியிலிருந்து விலக்கி, அக், அங், ஆக், ஆங் என்று உயிரோடு சேர்த்தே பழக்கும்படி ஆசிரியர் கையேட்டைத் திருத்துங்கள். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு நடத்தி, பழைய முறையில் படித்த குழந்தைகளோடு ஒப்பிட்டு அளந்து, முடிவை வெளிப்படையாக அறிவியுங்கள். பயன் இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடலாம், பயன் உண்டு என்று தெரிந்தால் மாநிலம் முழுவதும் கொண்டுசெல்ல வேண்டும். பெற்றோர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று மாலை உங்கள் குழந்தை புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லில் தடுமாறினால், அடுத்த எழுத்து என்ன என்று கேட்காதீர்கள். புள்ளி எழுத்தை இடப்பக்கத்து எழுத்தோடு சேர்த்து விரலால் மூடிக் காட்டி, அந்தத் துண்டை ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள்.